இராயபுரத்திலிருந்து வந்த தம்பிக்கு: பழைய படத்தை இங்கே யாரோடு பார்ப்பது?

தம்பி, இராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டி வளர்ந்த நீங்கள் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். புதுப்படம் வெளியாகும் இரவில் இங்குள்ள அரங்குகளில் விசில் பறப்பதைப் பார்த்தீர்கள். ஆனால் பழைய படங்களைப் பற்றிப் பேச ஓர் ஆள்கூட அகப்படவில்லை. நம் திரைப்பட மரபை இங்கே வளரும் பிள்ளைகளுக்குக் காட்ட மாதம் ஒரு படம் திரையிடலாமா, ஆள் வருமா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். திரையிடலாம், ஆள் வரும், அனுமதியும் வாங்கியே ஆகவேண்டும். ஆனால் எந்தப் படம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தப் படத்தை அது ஓடிய காலத்திலேயே கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் உங்கள் குடியிருப்பில் யார் யார் என்று தேடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தார். மகாராணி தியேட்டரில் பெண்கள் வரிசையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று, டிக்கெட் கிடைத்ததும் இடம் பிடிக்க முதல் ஆளாக உள்ளே ஓடிய பிள்ளை. அந்தத் தெம்பில், இங்கு வந்த சில ஆண்டுகளில் ஒரு சமூகக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, கடையில் வாங்கிய டிவிடி ஒன்றைக் கொண்டு 1950களின் புராணப் படம் ஒன்றைத் திரையிட்டேன். மூன்று மணி நேரப் படம், ஆங்கிலத் துணைத்தலைப்பு கிடையாது. அரை மணிக்குள் பிள்ளைகள் எல்லாரும் நடைபாதைக்குப் போய்க் கைப்பேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். உச்சக்கட்டம் நெருங்கும் நேரத்தில் டிவிடி சிக்கிக்கொண்டு, கதாநாயகியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. நான் அவமானத்தில் குறுகிப்போய் நின்றேன்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, எழுபதைத் தாண்டியவர், "அதுக்கென்ன பிள்ளை, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்று எழுந்துவிட்டார். கதையின் மீதியை அவர் சொன்னார். நடுவே வசனத்தை அப்படியே ஒப்பித்தார். ஒரு பாட்டின் இரண்டு அடிகளைப் பாடியும் காட்டினார். அதை யாழ்ப்பாணத்து வின்சர் தியேட்டரில் எந்த அண்ணனோடு, எந்தச் சைக்கிளில் போய்ப் பார்த்தார் என்பதும் கூடவே வந்தது. நடைபாதையிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்கள். படம் ஓடியவரை வராதவர்கள், படம் நின்றபிறகு வந்தார்கள்.

மறுவாரம் அவர் ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். படம் பார்க்கப் போனால் வாசலில் விற்பார்களே, அதேதான். எட்டுப் பக்கம், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது, பழுப்பேறிய மட்டமான தாள், துருப்பிடித்த ஒற்றைப் பின். முதல் பக்கத்தில் நடிகர் பட்டியல், அடுத்துக் கதைச் சுருக்கம். அந்தச் சுருக்கம் சரியாக முடிச்சு விழும் இடத்தில் நின்று, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிகிறது. ஒரு பாட்டின் ஓரத்தில் பென்சிலால் யாரோ தாளக் குறி போட்டிருந்தார்கள். ஊரை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் எத்தனையோ முக்கியமான தாள்களை விட்டுவிட்டு இது எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று தனக்கே தெரியாது என்றார்.

இந்தக் காகிதத்தை ஏன் இத்தனை பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றலாம். நம்முடைய வடசென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது, பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கினிமா சென்ட்ரலில்தான். டி.பி. ராஜலட்சுமி நடித்து, எச்.எம். ரெட்டி இயக்கி, தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய படம். சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்திறங்கிய படப்பெட்டியின் பின்னால் வால்டாக்ஸ் சாலை நெடுகத் தேங்காய் உடைத்துக்கொண்டு கூட்டம் ஊர்வலமாகப் போனது என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்த சுருளில் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அதற்கும் முன்னால், நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படமான 'கீசக வத'மும் இல்லை. அன்றைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. பின்னால் வந்த அசிடேட் சுருளோ, நம் ஊர் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் காடி வாடை அடித்துச் சுருங்கிப்போகும். தியேட்டர்களின் கதையும் அப்படியே. முருகன் டாக்கீஸ் இடிக்கப்பட்டது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இல் மூடப்பட்டது. சுருளும் கொட்டகையும் போனபின் மிஞ்சுவது விளம்பரமும் புகைப்படமும் பாட்டுப் புத்தகமும், அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் நினைவும்தான். அந்த நினைவில் ஒரு பங்கு இப்போது ஸ்கார்பரோவின் முதியோர் குடியிருப்புகளில் இருக்கிறது.

நம் படம் என்றால் சென்னைப் படம், அதைப் பற்றிப் பேசும் உரிமை சென்னைக்காரர்களுக்கே என்ற எண்ணம் நமக்குள் ஒளிந்திருக்கும், எனக்கும் இருந்தது. இங்கே தமிழர்களில் பெரும்பான்மையினர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். எம்.ஜி.ஆர் பிறந்ததே கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் என்பதை அவர்கள் உங்களுக்கு முதல் சந்திப்பிலேயே நினைவூட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படமான 'பொன்மணி'யை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர் என்பதை நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். (எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற சண்டை எண்பது வயதிலும் ஓயவில்லை. அதைத் தடுக்க முயலாதீர்கள். இரண்டு பக்கத்தையும் அழைத்து எதிரெதிரே உட்கார வையுங்கள், கூட்டம் தானாக வரும்.)

வட்டத்தை இன்னும் சற்று அகலமாகப் போட்டாலும் தவறில்லை. இதே டொராண்டோவில் ஜெரார்டு தெருவிலிருந்த பழைய கொட்டகை ஒன்று 1972இல் நாஸ் தியேட்டர் என்ற பெயரில் தெற்காசியப் படங்களைத் திரையிடத் தொடங்கியது. படம் பார்க்க வந்தவர்களை நம்பி ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு புடவைக்கடை என்று முளைத்துத்தான் அந்தத் தெரு இந்தியக் கடைவீதி ஆனது. வீடியோ கேசட் வீட்டுக்குள் நுழைந்ததும் தியேட்டர் மூடிக்கொண்டது, கடைவீதி மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். அங்கே பஞ்சாபிக்காரரும் வங்காளியும் பாகிஸ்தானியரும் நம்மைப் போலவே தங்கள் ஊர்க் கொட்டகையைப் பற்றிப் பேச ஆள் தேடுகிறவர்கள்.

அவர்களையும் சேர்த்து ஒரே வரிசையில் உட்கார வைக்கக்கூடிய திரையிடல் ஒன்றை நான் பலரிடம் சொல்லிவருகிறேன். 1948இல் வெளியான இரண்டு படங்கள்: உதய் சங்கரின் 'கல்பனா', எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'. வங்காளி நடனக் கலைஞர் ஒருவர் இந்தியில் எடுத்த 'கல்பனா' படமாக்கப்பட்டது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். பத்மினி திரையில் முதன்முதலில் ஆடியதும் அதில்தான். அதே ஸ்டூடியோவில் உருவானது 'சந்திரலேகா'வின் முரசு நடனம். 'கல்பனா' புதுப்பிக்கப்பட்டு 2012இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. இரண்டிலிருந்தும் இருபது இருபது நிமிடம் அடுத்தடுத்துக் காட்டினால், சென்னை என்பது ஒரு மொழிக்கு மட்டும் படம் எடுத்த ஊர் இல்லை என்பது யாரும் விளக்காமலே விளங்கும். முழுப் படத்தையும் காட்டியே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தை நான் விட்டுப் பல காலமாகிறது.

அனுமதி விஷயத்தில் மட்டும் சற்றுக் கறாராக இருங்கள். டிவிடி வாங்கியதோ, சந்தா கட்டியதோ, யூடியூபில் கிடைப்பதோ பொது இடத்தில் திரையிடும் உரிமையை உங்களுக்குத் தராது. நான் செய்தது தவறு, அன்று யாரும் கேட்காததால் தப்பித்தேன். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே 1964இல் வந்த படத்துக்கு 2024 முடிவோடு அந்த உரிமை தீர்ந்தது. ஆனால் அதிலுள்ள பாட்டின் வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு. அவை எழுதியவரின் மறைவிலிருந்து எண்ணப்படுகின்றன. கனடாவின் சட்டமும் தனி. படைப்பாளியின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் என்று 2022இன் முடிவில் இங்கே நீட்டிவிட்டார்கள். அங்கே தீர்ந்தது இங்கேயும் தீர்ந்தது என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். நெகட்டிவ் உரிமை, அதாவது படத்தின் மூலச் சுருளுக்கான உரிமை, ஒருவரிடமும், எஃப்.எம்.எஸ் என்று சொல்லும் வெளிநாட்டு உரிமை வேறொருவரிடமும் இருப்பது நம் சினிமாவில் சகஜம். ஒருவர் சரி என்றார் என்பதோடு நின்றுவிடாமல், எந்த உரிமையை, எந்த நாட்டுக்கு, எத்தனை காட்சிக்குத் தருகிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தியேட்டரில் திரையிடுவதானால் டி.சி.பி. என்னும் டிஜிட்டல் பிரதியோடு, குறிப்பிட்ட நாள், நேரத்துக்கு மட்டும் திறக்கும் கே.டி.எம். சாவியும் தேவைப்படலாம். அதை முந்தின நாளே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

துணைத்தலைப்பை விலைக்கு வாங்குவதைவிடப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து உட்கார வைத்து எழுதச் சொல்லலாம். நாங்கள் ஒருமுறை பத்து நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டோம். "அத்தான்" என்பதற்கு ஒரு பதினான்கு வயதுப் பெண் 'டார்லிங்' என்று எழுதினாள். அவளுடைய பாட்டி பதறிப்போய், அத்தானுக்கும் டார்லிங்குக்கும் உள்ள தூரத்தை முக்கால் மணி நேரம் விளக்கினார். முறைமாப்பிள்ளை, பரிசம், தான் மணக்காமல் போன ஒரு அத்தான் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. கடைசியில் அந்த இடத்தில் 'அத்தான்' என்றே எழுதிவைத்தோம். அந்தப் பெண் அந்தப் படத்தை அதன்பின் இரண்டுமுறை தானாகப் பார்த்தாள்.

கூடம், நாற்காலி, தேநீர் ஆகியவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாற்பது பேருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவே.

இன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது, பரணில் பழைய பாட்டுப் புத்தகம், டிக்கெட் துண்டு, தியேட்டர் நோட்டீஸ் ஏதாவது கிடக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் துருப்பிடித்த பின்னை இழுத்துக் கிழித்துவிட வேண்டாம், லேமினேட் செய்யவும் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அமிலம் இல்லாத தாளுறையில் வைத்து, ஈரம் படாத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அவர் அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தார் என்பதைக் கேட்டு அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவைக் கொண்டுவாருங்கள். முதல் கூட்டத்தில் அதை ஓடவிட்டு, அந்த யாழ்ப்பாணத்து அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைப்போம்.