கேள்வி-பதில்: பிள்ளைக்கு எடை பார்த்தாயிற்று, தாய்க்கு?

பிரசவமாகி ஆறு நாள் ஆகிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பைத்தியம் பிடித்துவிடுமோ?
– வாசகி, தாராபுரம்

பிடிக்காது. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு முதல் வாரத்தில் வரும் அழுகைதான் இது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

குழந்தை இன்னும் பேசவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கரூர்

என்ன வயது? ஆறு மாதமா, மூன்று வயதா? வயதைப் போடாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது! ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால், முதலில் காதைப் பரிசோதியுங்கள். 'அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பிரசவமாகி மூன்று மாதமாகிறது. மனைவி குழந்தையைத் தூக்குவதே இல்லை. எப்போதும் படுக்கை, எரிச்சல். என் அம்மா ஐந்து பெற்றும் வயலுக்குப் போனவர். இவள் சோம்பலை எப்படி மாற்றுவது?
– வாசகர், மன்னார்குடி

முதலில் 'சோம்பல்' என்ற பேச்சை விடுங்கள். இந்தியாவில் பிரசவித்த ஐந்து பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. உங்கள் அம்மாவுக்கும் வந்திருக்கலாம், யார் கேட்டார்கள்? குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி. மூன்று முறையும் தூக்கிக்கொண்டு வருபவள் தாய்தான். பிள்ளைக்கு எடை பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், அட்டையில் எழுதுவார்கள். 'நீ தூங்கினாயா அம்மா' என்று கேட்க ஆள் இருக்காது. தாயின் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. அதற்கு நேரமில்லையாம்! இதை நானும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, உங்கள் வேலை என்ன? ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை. அப்புறம் மனநல மருத்துவர். இரவில் தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது மனைவி தூங்கட்டும், அதுவரை பிள்ளை உங்களிடம். குழந்தைக்கும் இது தேவை. சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கும் முகத்தைப் பார்த்துத்தான் அது வளர்கிறது. அம்மாவால் முடியாத நாளில் அப்பா முகம் போதும். கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் மாத்திரை சாப்பிடுகிறேன். பால் கெட்டுவிடும் என்று மாமியார் நிறுத்தச் சொல்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

கெடாது. பால் வழியாகக் குழந்தைக்குப் போவது மிகச் சொற்பம். மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். இதை எழுதி எழுதிக் கை வலிக்கிறது. சந்தேகமென்றால் எழுதித் தந்த டாக்டரிடம் மாமியாரையும் அழைத்துப் போங்கள்.

என் தங்கை பிரசவமாகி பத்து நாளாகத் தூங்கவே இல்லை. இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். மந்திரிக்கலாமா?
– வாசகி, பரமக்குடி

கடிதம் எழுதிக் காத்திருக்கும் விஷயமா இது? இன்றே, இப்போதே மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோயாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது, ஆனால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. அதுவரை குழந்தையுடன் தனியே விடாதீர்கள். வழி தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள். சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

ஒன்றரை வயதுப் பையன் செல்போன் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான்.
– வாசகி, ஆவடி

பழக்கியது யார்? இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாலைந்து நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். பசித்தால் வருவான்.

எட்டு மாதக் குழந்தைக்கு வாக்கர் வாங்கலாமா?
– வாசகர், நாமக்கல்

வேண்டாம். கனடாவில் 2004 முதல் விற்கவே தடை. தரையில் பாயை விரித்து விடுங்கள்.