பருத்தித் தொப்பியின் விளிம்பு கொசுவமாகிப் போனால்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டிருக்கும் அம்மாவுக்கு வெயில் தொப்பி ஒன்று குரோஷேவில் பின்னினேன். தலைச் சுற்றளவு 56 செ.மீ. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘நூறு விழுக்காடு காட்டன்’ என்று சொல்லிக் கொடுத்த 5 ப்ளை மில்க் காட்டன், ஒன்று நான்கு வெள்ளி (ரிங்கிட்) வீதம் 50 கிராம் உருண்டை நான்கு, 3.5 மி.மீ. ஊசி. உச்சியும் பக்கமும் 102 கண்ணியில் ஒழுங்காக வந்தன. விளிம்பு விரிய வேண்டுமே என்று முதல் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டேன். இப்போது அலையலையாகச் சுருங்கிக் கண்ணை மறைக்கிறது. ஒருமுறை துவைத்துக் கொடியில் தொங்கவிட்டதும் தொப்பி காது வரை இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? இன்னொன்று: ஓர் ஏஜெண்டு 180 வெள்ளிக்கு 20 உருண்டை நூலும் ஊசியும் தருகிறார். 30 தொப்பி பின்னிக் கொடுத்தால் ஒன்று 12 வெள்ளிக்குத் திருப்பி வாங்குவாராம். சேரலாமா? – வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா.

பதில்: எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம், விளிம்பை மட்டும் பிரியுங்கள். ஏஜெண்டிடம் சேர வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் விளிம்பு. 102 கண்ணியை ஒரே சுற்றில் 204 ஆக்கியிருக்கிறீர்கள். உங்கள் பின்னலில் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 19 கண்ணி வரும். அப்படியானால் 204 கண்ணிக்கு 107 செ.மீ. இடம் வேண்டும். அந்தச் சுற்றில் இருக்கும் இடமோ 57 செ.மீ.தான். ஆறு கஜத்தை இடுப்புக்குள் அடக்கினால் கொசுவம் விழாமல் என்ன செய்யும்? உங்கள் கையில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

தட்டையான வட்டத்துக்குச் சிங்கிள் குரோஷேவில் சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் போதும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு சுற்று ஏறும்போது வட்டத்தின் சுற்றளவு ஆறு கண்ணி அகலத்துக்குக் கொஞ்சம் மேலே கூடுகிறது, அவ்வளவுதான். உச்சியில் 6, 12, 18 என்று ஏறி 17ஆம் சுற்றில் 102 வந்ததும் இதே கணக்கில்தான். விளிம்பு என்றதும் அந்தக் கணக்கை விட்டுவிட்டீர்கள்.

இங்கே சிங்கிள் என்று நான் சொல்வது: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு வளையத்துக்குள்ளும் ஒரே இழுப்பாக நூலை எடுப்பது. பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் இதற்கு டபுள் என்று பெயர், அமெரிக்க வீடியோக்களில் சிங்கிள். பெயரைப் பார்க்காதீர்கள், கை செய்வதைப் பாருங்கள். புத்தகத்தில் டபுள் என்றிருப்பதை அமெரிக்க டபுளாகப் போட்டால் வெயில் உள்ளே கொட்டும் சல்லடைத் தொப்பிதான் கிடைக்கும்.

விளிம்பைத் திரும்பப் போடும்போது 3 மி.மீ. ஊசிக்கு இறங்குங்கள். முழுத் தட்டையாக வேண்டும் என்றால் சுற்றுதோறும் ஆறு கூட்டலாம். காய்கறிப் பாத்தியில் குனிந்து நிற்பவருக்குக் காதும் பிடரியும் மறைய வேண்டும், சற்றுச் சரிந்த விளிம்பே நல்லது. அதற்கு இரண்டு சுற்றில் ஆறாறு கூட்டி, மூன்றாவது சுற்றைக் கூட்டாமல் விடுங்கள். 102, 108, 114, மீண்டும் 114, பிறகு 120, 126, மீண்டும் 126. இப்படி 14 சுற்று போனால் 162 கண்ணியில் நிற்கும், விளிம்பு ஏறக்குறைய 7 செ.மீ. ஏழரை சென்டிமீட்டருக்குக் குறையாத விளிம்பைத்தான் வெயிலுக்குச் சொல்வார்கள். நூல் மிஞ்சினால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று போடுங்கள். கூட்டும் இடம் சுற்றுக்குச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக விழக் கூடாது, விழுந்தால் ஆறு மூலை தெரியும். சுற்றின் தொடக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்தி வையுங்கள். எண்ணிக்கை தப்புவது அங்கேதான்.

இவ்வளவும் செய்தாலும் அந்த நூல் துவளும். அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பால் புரதத்திலிருந்து இழை எடுப்பது கட்டுக்கதை இல்லை, 1930களில் இத்தாலியில் எடுத்தார்கள். ஆனால் இன்று மில்க் காட்டன் என்று குவித்து விற்கும் உருண்டைகள் பெரும்பாலும் கலப்பு நூல். அதில் அக்ரிலிக் என்ற செயற்கை இழை எவ்வளவு என்பது விற்பவருக்கே தெரியாது. குழந்தைச் சட்டைக்கும் பொம்மைக்கும் அருமையான நூல்தான், மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற தன்மைதான் தொப்பி விளிம்புக்கு எதிரி. இந்த உருண்டைகளில் ‘5 ப்ளை’ என்பதும் தடிமனைச் சொல்லவில்லை, எத்தனை இழை முறுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. 50 கிராமில் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 85 முதல் 110 மீட்டருக்குள் இருந்தால் இந்தத் தொப்பிக்குப் பொருந்தும். உருட்டும்போது உறுதியாகவும் சற்றுப் பளபளப்பாகவும் தெரியும் மெர்சரைஸ்டு பருத்தி கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடைக்காரர் வாயை நம்பாதீர்கள், நெருப்பை நம்புங்கள். ஐந்து செ.மீ. துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். காகிதம் எரிந்த வாசமும் ஊதினால் பறக்கும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியபின் நகத்துக்கு மசியாத கறுப்பு மணியாக நின்றால் செயற்கை இழை கலந்திருக்கிறது. ‘காட்டன்’ என்று சொல்லி வேறொன்றைக் கொடுப்பது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதென்றால் ஐந்து வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். போவதற்கு ரசீது? பாசார் மாலாமில் எந்தத் தவ்கே ரசீது எழுதிக் கொடுக்கிறார்? பதினாறு வெள்ளி நூலுக்கு ஒருநாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு யார் அலைவார்கள்? அது தெரிந்துதான் விற்கிறார்கள். ஆகவே, ஓர் உருண்டை வாங்கி வீட்டில் கொளுத்திப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். தாமதிக்காமல் போங்கள், லேபிளில் இருக்கும் லாட் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். லாட் மாறினால் நிறம் பாதித் தொப்பியில் மாறும்.

சிவப்பு, கறுப்பு வாங்கினால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையில் நெற்றியிலும் ஒட்டும். உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். நிற்காது.

இனி, கையிலுள்ள தொப்பிக்கு மருத்துவம். காது வரை இறங்கியதற்குக் காரணம் ஈரத்தோடு தொங்கவிட்டது. ஈரமான பருத்தி தன் எடையாலேயே நீளும். கம்பளி நூலைப்போல் பழைய அளவுக்குத் திரும்பாது. இப்போது தொப்பியின் உள்சுற்றை அளந்து பாருங்கள். 59 செ.மீ.க்குள் இருந்தால் காப்பாற்றலாம். தையல் சாமான் கடையில் குறுக்குக் கோடு போட்ட தடித்த ரிப்பன் இருக்கும். 2.5 செ.மீ. அகலத்தில், இழுத்தால் நீளாததாக வாங்குங்கள். சாட்டின் ரிப்பன் வழுக்கும், வேண்டாம். 57 செ.மீ. வளையமாக மூட்டி, தொப்பியையும் ரிப்பனையும் நான்கு சம பாகமாகக் குறித்து, ஊக்கு குத்தி, தளர்ச்சியைச் சுற்றிலும் பங்கிட்டுக் கையால் தையுங்கள். விளிம்பைப் பின்னி முடித்த பிறகுதான் இது. எண்ணெய் தேய்த்த தலை என்றால் கரும் நிற ரிப்பன். 60ஐத் தாண்டிவிட்டால் மல்லுக்கட்டாமல் புது நூலில் தொடங்குங்கள்.

விளிம்பு விறைப்பாக நிற்கக் கஞ்சி போடலாமா? கஞ்சி ஒரே வியர்வையில் இளகும், நம் ஈரக் காற்றுக்குப் பூஞ்சணமும் பிடிக்கும். சீனிப் பாகில் நனைக்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. எறும்பில்லாத ஊர்க்காரர்கள் எடுத்தவை போலிருக்கிறது.

சரியான வழி, செம்பனைத் தோட்டம் உள்ள ஊரில் எல்லா ஹார்ட்வேர் கடையிலும் தொங்குகிறது: புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் நரம்பு. 2 மி.மீ., வட்டமானது. சதுர நரம்பு நூலை அறுக்கும். சுருளாக இருப்பதைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் இணங்கிவிடும். கடைசிச் சுற்று பின்னும்போது நரம்பைக் கண்ணிகளின் தலைமேல் படுக்கவைத்து, அதையும் சேர்த்து மூடியபடி பின்னிக்கொண்டு போங்கள். விளிம்பைச் சுற்றி அளந்த நீளத்தோடு 3 செ.மீ. கூட்டி வெட்டுங்கள், ஏறக்குறைய 90 செ.மீ. வரும். நுனிகளை நெருப்பில் காட்டி மழுக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மின்சாரக் கடையில் விற்கும் சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு இறுக்குங்கள். டேப் சுற்றினால் துவைக்கத் துவைக்கக் கழன்று, நுனி கன்னத்தில் குத்தும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், துருக்கறை போகாது.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை விளக்காமல் விட மனமில்லை. இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் குட்டை முடிக்கும் விரித்த முடிக்கும் போட்டவை. அம்மா கொண்டை போடுபவர் என்றால் மேலே சொன்ன விளிம்பு அவருக்குச் சரிவராது. கொண்டை பிடரியில் தாழ்வாக இருந்தால் விளிம்பு அதில் முட்டும், முட்டினால் தொப்பி முன்னே தள்ளப்பட்டுக் கண்ணை மறைக்கும். நீங்கள் சொல்லும் ‘கண்ணை மறைக்கிறது’ என்பதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம், தலையில் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த கொண்டைக்கு: பின்பக்கம் 20 கண்ணியை விளிம்பில்லாமல் விட்டுவிடுங்கள், பத்தரை செ.மீ. இடம் கிடைக்கும். மீதி 82 கண்ணியில் சுற்றிப் போகாமல், போய்த் திரும்பி வரிவரியாகப் பின்னுங்கள். ஆறுக்குப் பதில் வரிக்கு ஐந்து கூட்டினால் போதும், மூன்றாவது வரியைக் கூட்டாமல் விடுவது அப்படியே. திரும்பிப் பின்னுவதால் வரி தெரியும், பரவாயில்லை. நரம்பின் இரு நுனியையும் 2 செ.மீ. மடக்கி உள்ளே மறைத்துத் தையுங்கள். கொண்டை உச்சிக்கு அருகில் இருந்தால் வேறு வழி: பக்கச் சுற்றுகளில் கொண்டை வரும் உயரத்தில் 16 சங்கிலி போட்டு, 16 கண்ணியைத் தாண்டி அடுத்ததில் சேருங்கள். சட்டைப் பொத்தான் ஓட்டை மாதிரி ஒரு வாய் திறக்கும். அடுத்த சுற்றில் அந்தச் சங்கிலிகள் மேலேயே 16 சிங்கிள் போட்டால் எண்ணிக்கை கெடாது. தலையை அளக்கும்போதும் அவர் வழக்கமாகக் கொண்டை போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். பூ வைப்பவர் என்றால் வாயை 18 கண்ணிக்குத் திறங்கள்.

துவைப்பது பச்சைத் தண்ணீரில், கையால். பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்துங்கள். சுற்றளவு 55 செ.மீ. வரும் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு நிழலில் காய வையுங்கள். கொடியில் இனித் தொங்கவிடாதீர்கள்.

கடைசியாக அந்த ஏஜெண்டு. 20 உருண்டை என்பது ஒரு கிலோ நூல். விளிம்போடு பெரியவர் தொப்பிக்கு 150 முதல் 200 கிராம் தேவை. ஒரு கிலோவில் ஆறு தொப்பி வந்தால் அதிகம். மீதி 24க்கு அதே நிறம், அதே லாட் நூல் எங்கே கிடைக்கும்? அவரிடம்தான், அவர் சொன்ன விலைக்கு. 30 தொப்பியும் ஏற்கப்பட்டால் உங்களுக்கு 360 வெள்ளி. அதில் 180 முன்பே போய்விட்டது. மிஞ்சிய 24 தொப்பிக்கு 72 உருண்டையாவது வேண்டும், நீங்கள் வாங்கிய நான்கு வெள்ளி விலைக்கே 288 வெள்ளி. 30 தொப்பி பின்னிவிட்டு 108 வெள்ளி கையைவிட்டுப் போகிறது. தொப்பிக்கு எட்டு மணி நேர உழைப்புக்குக் கூலியே இல்லை. ‘தரம் போதாது’ என்று திருப்பி அனுப்பினால் அதுவும் உங்கள் தலையில்தான். நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது. வீட்டில் உட்கார்ந்து பின்னுபவர் தொழிலாளி இல்லை என்பதால் இந்தக் கணக்கை எந்த அதிகாரியும் போடுவதில்லை. பின்னல் கற்றுத்தரும் இலவசப் பட்டறைகளிலும் போட்டுக் காட்டுவதில்லை. பிரமுகர் உரை, டோய்லி என்ற சின்னப் பின்னல் விரிப்பு, சான்றிதழ், அதோடு சரி. விற்பனைக்காக வாங்கிய நூல் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயமும் கைகொடுக்காது.

பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிக்கும் முன் வங்கியையும் 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணையும் அழையுங்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால் அவரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: ஆறு தொப்பிக்கு நூல் நீங்களே கொடுங்கள், முன்பணம் தரமாட்டேன், தொப்பியைக் கையில் வாங்கும்போதே கூலியையும் கொடுத்துவிட வேண்டும். உண்மையான வியாபாரி என்றால் பேரம் பேசுவார்.