அட்டைப்பெட்டி வாசம் அடிக்குற ஐபிஏ: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க கிராஃப்ட் பீர் பத்தி நாலு வரி எழுதினதுக்கு நம்ம நீலகிரியில இருந்தே இவ்வளவு கடுதாசி வரும்னு நெனைக்கல. கையில கெடச்சதுல சிலதுக்கு பதில் சொல்றேன். 21 வயசு ஆகாத தம்பிங்க இந்தப் பக்கத்தத் திருப்பிட்டு ராசிபலனுக்குப் போயிருங்க.

அண்ணா, எங்க மாமா பையன் கலிஃபோர்னியாவுல இருந்து ஒரு ஐபிஏ கொண்டாந்தான். நெட்டுல எல்லாரும் ஆரஞ்சுத்தோலு, பைன் மரம், மாம்பழம்னு புகழ்ந்து அஞ்சுக்கு நாலரை போட்டிருக்காங்க. எனக்கு நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம்தான் வருது. என் மூக்குல ஏதும் கோளாறா? - குன்னூர் வாசகர்

உங்க மூக்கு நல்லாத்தான் இருக்குங்க, பீர்தான் செத்துப்போச்சு. ஐபிஏன்னா இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ்ங்கற பூவ நெறைய போட்டு வாசமும் கசப்பும் தூக்கலா காய்ச்சுற பீர். அதுல நீங்க காசு குடுக்குறதே ஹாப்ஸ் வாசத்துக்குத்தான், அதுதான் மொதல்ல பறந்துபோறதும். ஆக்சிஜன் கொஞ்சம் உள்ள மாட்டியிருந்தாலும் போதும், சூடு சேர்ந்துட்டா அட்டை வாசம், பழைய தேன் மாதிரி ஒரு இனிப்பு, இது ரெண்டும் வந்துரும். ப்ரூவரிக்காரங்க, அதாவது பீர் காய்ச்சுறவங்க நடுவுல 3-30-300ன்னு ஒரு கணக்கு உண்டு, 32 டிகிரியில 3 நாள் வெச்சா வர்ற கெடுதலும், 22 டிகிரியில 30 நாள் வெச்சா வர்றதும், ஃப்ரிட்ஜ்ல 3 டிகிரியில 300 நாள் வெச்சா வர்றதும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு. தோராயக் கணக்குதான், ஆனா ஏப்ரல் மாசம் மேட்டுப்பாளையத்துல கார் டிக்கிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க, அங்க நிறுத்தி சாப்பிட்டுட்டு மெதுவா மலை ஏறினா குன்னூர் வந்து சேருறதுக்குள்ள பீருக்கு பாதி வயசாயிரும்.

கேனைக் கவுத்து அடியில தேதி பாருங்க. அமெரிக்காக்காரன் மாசத்த மொதல்ல போடுவான், 04/07ன்னா ஏப்ரல் 7, ஜூலை 4 இல்ல. சில கம்பெனி அடைச்ச தேதி போடும், சிலது எந்தத் தேதிக்குள்ள குடிக்கணும்னு போடும், ரெண்டையும் கொழப்பிக்காதீங்க. ஸ்டோன் ப்ரூவிங் 'என்ஜாய் பை'ன்னு ஒரு ஐபிஏ போடுது, கடைசித் தேதியே பீரோட பேரு, அடைச்சு 37 நாளுக்குள்ள முடிச்சுரணும். ரஷ்யன் ரிவர் ப்ரூவரியோட 'ப்ளைனி தி எல்டர்' லேபிள்லயும் இதைப் பழசாக்காதேன்னுதான் எழுதி வெச்சிருக்காங்க. அதனால அந்த நாலரையும் பொய் இல்ல, உங்க அட்டைப்பெட்டியும் பொய் இல்ல, அவங்க குடிச்சது வேற பீர், அவ்வளவுதான். ரிவ்யூ எழுதினா தேதியும் எப்படி வெச்சிருந்தீங்கங்கறதும் மொதல் வரியிலயே வரணும்ங்கறது என் கட்சி. அது இல்லாத ரிவ்யூவ நான் படிக்கறதே இல்ல.

கிராஃப்ட் கிராஃப்ட்ங்கறாங்களே, விலை ஜாஸ்தி வெச்சா கிராஃப்டா? - கூடலூர் தம்பி

விலை இல்ல தம்பி, யார் கையில இருக்குங்கறதுதான் கணக்கு. அங்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன்னு ஒரு சங்கம் இருக்கு, வருஷத்துக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல போகக்கூடாது, வெளி சாராயக் கம்பெனி கையில 25 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு இருக்கக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. ஒரு பேரல் சுமார் 117 லிட்டர், அப்போ 60 லட்சம் பேரல் ஒண்ணும் சின்னது இல்லன்னு நீ கேக்குறது சரிதான், எனக்கும் அதுல கொஞ்சம் சிரிப்பு உண்டு. கூஸ் ஐலண்ட்ங்கற ப்ரூவரிய 2011ல பட்வைசர் காய்ச்சுற ஆன்ஹைசர் புஷ் வாங்கிருச்சு, மேல சொன்ன ஸ்டோனையும் 2022ல ஜப்பான் பீர் கம்பெனி சப்போரோ வாங்கிருச்சு, அதனால ரெண்டும் இந்தக் கணக்குல சேராது. அதுக்காக உள்ள இருக்குற பீர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல.

இந்தக் கிராஃப்ட் எப்படி ஆரம்பிச்சதுன்னா, 1920ல இருந்து 1933 வரைக்கும் அங்க மதுவிலக்கு, அதுக்கப்பறம் பெரிய கம்பெனிங்க மட்டும் தாக்குப்பிடிச்சு எல்லாம் ஒரே மாதிரி தண்ணியா லேசான லாகர் பீரா ஆயிருச்சு. 1965ல ஃப்ரிட்ஸ் மேடாக்ங்கறவர் சான் ஃபிரான்சிஸ்கோவுல மூடப்போன ஆங்கர் ப்ரூவரிய வாங்குனாரு, 1976ல ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன்னு ஒரு சின்ன ப்ரூவரி ஆரம்பிச்சாரு, 1978ல அப்போ ஜனாதிபதியா இருந்த ஜிம்மி கார்ட்டர் வீட்டுல பீர் காய்ச்சலாம்னு சட்டத்துல கையெழுத்து போட்டாரு. வீட்டுல காய்ச்சிப் பழகுனவங்கதான் பின்னாடி ப்ரூவரி வெச்சாங்க, சிக்கோ ஊர்ல சியரா நெவாடா ஆரம்பிச்ச கென் கிராஸ்மன் அப்படித்தான். எழுபதுகள் கடைசியில நாடு பூராவும் நூறு ப்ரூவரி கூட இல்ல, இன்னைக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேல.

நான் டீ ஃபேக்டரியில வேலை பாக்குறேன், டேஸ்டிங் ரூம் தெரியும். பீரையும் அப்படியே உறிஞ்சிப் பாக்கலாமா? என்னன்னு எழுதறது? - கேத்தி வாசகர்

உங்களுக்கு பாதி வேலை ஏற்கனவே தெரியும்ங்க. ஒரே வித்தியாசம், டீய உறிஞ்சி துப்பிருவோம், பீரை கொஞ்சமா முழுங்கித்தான் ஆகணும், கசப்பு முழுங்கினப்பறம் எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

சியரா நெவாடா பேல் ஏல் ஒண்ணு கெடச்சா அதுலயே பழகுங்க, ஆல்கஹால் 5.6 சதவீதம்தான், ரொம்ப ஸ்ட்ராங் இல்ல. கழுவுன கண்ணாடி கிளாஸ், சோப்பு வாசம் துளி இருந்தாலும் நுரை நிக்காது. சாச்சுப் புடிச்சு ஊத்தி, கடைசி கால்வாசிய நேரா ஊத்துங்க, ரெண்டு விரல் நுரை வரட்டும். உடனே வாயில வெக்காதீங்க, மூக்க உள்ள விட்டு குட்டி குட்டியா ரெண்டு மூணு தடவை இழுங்க. பம்பளிமாஸ் தோல உரிக்கும்போது கண்ணுல தெறிக்குமே அந்த வாசம் வரும், அதுதான் காஸ்கேட் ஹாப்ஸ், 1972ல வெளிவிட்ட ரகம், அமெரிக்க பீருக்கு ஒரு முகம் குடுத்ததே அதுதான். பின்னாடியே பைக்காரா ரோட்டு பைன் காட்டுல மழை விட்டப்பறம் நடந்தா வர்ற பிசின் வாசம். அதுக்கும் கீழ லேசா பிஸ்கட் மாதிரி மால்ட் வாசம், மால்ட்னா முளைகட்டி காயவெச்ச பார்லி. குடிச்சா மொதல்ல இனிப்பு தொட்டுட்டுப் போகும், அப்பறம் கசப்பு நாக்கோட பின்பக்கம் வந்து உக்காரும்.

எழுதும்போது நெட்டுல பாத்த வார்த்தைய எடுத்து ஒட்டாதீங்க. கிரேப்ஃப்ரூட் தின்னு பாக்காதவங்க கிரேப்ஃப்ரூட்னு எழுதி என்ன புண்ணியம்? நார்த்தங்காய் இலை, கருப்பட்டி, வறுத்த காபிக்கொட்டைன்னு எழுதுங்க, நம்ம ஆளுங்களுக்குப் புரியும். மார்க் போடணும்னா பிஜேசிபின்னு போட்டி நடுவர்கள் வெச்சிருக்குற 50 மார்க் கணக்க எடுத்துக்கலாம்: வாசத்துக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில இருக்குற கனத்துக்கு 5, மொத்தத்துக்கு 10. பார்வைக்கு வெறும் 3தான் பாத்தீங்களா, நம்மாளு ஃபோட்டோ எடுக்கறதுலயே நுரைய சாகவிட்டுருவான்.

அண்ணா, எங்க வீட்டுக்காரர் ரிவ்யூ பண்றேன்னு சொல்லி ஒரே உக்காருல ஆறு கேன் முடிக்கிறார். இது டேஸ்டிங்தானா? - வெலிங்டன் வாசகி

இல்ல அம்மிணி. போட்டியில ஒரு பீருக்கு 60, 90 மில்லி ஊத்துவாங்க, அதுக்கு மேல தேவையே இல்ல. மூணாவது கேனுக்கு அப்பறம் அவர் எழுதுனத மறுநாள் காலையில அவரையே சத்தமா படிக்கச் சொல்லுங்க.

ஊட்டி உசரத்துல பீர் ருசி மாறுமா? - லவ்டேல் வாசகர்

குடிக்கறதுல பெரிய மாத்தம் இல்லைங்க, ஆனா காத்தழுத்தம் கம்மிங்கறதால தொறந்தா நுரை கொஞ்சம் ஜாஸ்தியா பொங்கும், மெதுவா ஊத்துங்க. ஊசிமலை வளைவுல உருட்டிக் கொண்டுவந்த பாட்டில்னா ஒரு நாள் நிமித்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுத் தொறங்க. காய்ச்சறதுலதான் வித்தியாசம், ஊட்டியில தண்ணி 93 டிகிரிக்குள்ளயே கொதிச்சுரும், ஹாப்ஸ்ல இருந்து கசப்பு எறங்க நேரமாகும், அதனால கூட நேரம் கொதிக்க விடணும், இல்ல ஹாப்ஸ் கூட போடணும். அமெரிக்காவுல டென்வர்க்காரங்க மைல் உசரத்துல காய்ச்சறோம்னு பெருமை பேசுவாங்க, அது 1,600 மீட்டர்தான், நம்ம ஊட்டி 2,200க்கும் மேல. இங்கயும் காய்ச்சிட்டுத்தான் இருந்தாங்க, 1915ல தாமஸ் லீஷ்மன் அஞ்சு ப்ரூவரிய சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சப்ப அதுல நீலகிரீஸ் ப்ரூவரியும் ஒண்ணு.

டிசம்பர் ராத்திரியில இன்னொரு வசதி, ஸ்டவுட்ங்கற கருப்பு பீருக்கு 10, 12 டிகிரி இருந்தா போதும், ஜன்னல் ஓரம் வெச்சா சரியா இருக்கும். கூட ஊட்டி வர்க்கி ரெண்டு. இத எந்த அமெரிக்காக்காரனும் இன்னும் எழுதல.

தங்கச்சி சியாட்டில்ல இருந்து வர்றா, என்ன கொண்டுவரச் சொல்லலாம்? - கோத்தகிரி வாசகர்

டூட்டி இல்லாம 2 லிட்டர்தான் விடுவாங்க. 355 மில்லி சிக்ஸ் பேக் வாங்கினா 2.13 லிட்டர், மாட்டிக்கும், அஞ்சுதான் கணக்கு. 473 மில்லி பெரிய கேன் நாலுன்னா 1.9 லிட்டர், சரியா அடங்கும். செக்-இன் பேக்ல துணி சுத்தி வெக்கச் சொல்லுங்க.

அமெரிக்க ஹாப்ஸ்ல முக்காவாசி வெளையற யாகிமா பள்ளத்தாக்கு தங்கச்சி இருக்குற வாஷிங்டன் ஸ்டேட்லதான் இருக்கு, அதனால ஐபிஏ வாங்கத்தான் கை போகும். வாங்கினா கெளம்புற அன்னைக்கு வாங்கட்டும், தேதி பாத்து, வந்த வாரமே குடிச்சுருங்க. பொறுமையா வெச்சுக் குடிக்கணும்னா இம்பீரியல் ஸ்டவுட், பார்லிவைன் மாதிரி ஆல்கஹால் கூடுன கனமான பீர், சியரா நெவாடா 'பிக்ஃபுட்' பார்லிவைன் 9.6 சதவீதம், அது வருஷக்கணக்கா தாங்கும். தங்கச்சி வர லேட்டாகும்னா பெங்களூரு போங்க, மிச்சிகன்ல இருந்த ஆர்பர் ப்ரூவிங் 2012ல அங்க கடை போட்டுச்சு, எடத்துலயே காய்ச்சி ஊத்தறது, தேதி பாக்குற வேலை இல்ல.

காலி பாட்டில காட்டுல மட்டும் வீசிறாதீங்க. 2022ல நம்ம மாவட்டத்துல காலி பாட்டில டாஸ்மாக்குல குடுத்தா 10 ரூபாய்னு கொண்டுவந்ததே கண்ணாடி யானைக் கால்ல குத்துதுன்னுதான். அமெரிக்க பாட்டிலுக்கு அந்த 10 ரூபா வராது, அதனால கேனாவே கொண்டுவரச் சொல்லுங்க, பழைய இரும்புக்காரர் எடுத்துக்குவார்.