சேற்றுப் பருவம் வந்தாச்சு: சைக்கிள்கிராஸ், மவுண்டன் பைக் கேள்வி பதில்

இங்கிலாந்தில் செப்டம்பர் பிறந்தால் வட்டாரத்துக்கு வட்டாரம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்கிராஸ் லீக் ஆரம்பித்துவிடும். புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு எல்லாம் கலந்து 2.5 முதல் 3.5 கி.மீ. வரை ஒரு சுற்று. வயதுப் பிரிவைப் பொறுத்து 40 முதல் 60 நிமிடம். நடுநடுவே மவுண்டன் பைக் பந்தயங்களும் வரும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இதில் இறங்கும் நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: வணக்கம் சார். என்னிடம் இருப்பது ஒரு ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) மவுண்டன் பைக் மட்டும்தான். இதிலேயே முதல் சீசனை ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம். உள்ளூர் லீக்குகளில் பெரும்பாலும் விடுவார்கள். பெயர் கொடுக்கும்முன் அந்தப் பந்தயத்தின் விதியை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரின் இரு முனையிலும் கொம்பு மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பாட்டில் கூண்டையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பைக்கைத் தோளில் போடும்போது இடுப்பில் குத்தும். 2.25 அங்குல டயரே போதும், ஆனால் பட்டன் (டயரின் மேலுள்ள ரப்பர் முளை) உயரம் குறைந்த, வேகமாக உருளும் டயராக இருக்கட்டும். நீண்ட புல்வெளியில் முன் ஃபோர்க்கை (முன் சஸ்பென்ஷன்) அமுங்காதபடி லாக் செய்துவிடுங்கள்.

செங்குத்தான இறக்கத்திலும் வேர்களிலும் உங்களுக்குத்தான் சாதகம். தூக்கி ஓடும் இடத்தில் நேரம் போகும், ஏனென்றால் மவுண்டன் பைக் ஃப்ரேமின் முக்கோணம் சிறியது, தோள் உள்ளே நுழையாது. யார்க்‌ஷரில் 1961 முதல் நடக்கும் த்ரீ பீக்ஸ் பந்தயத்துக்கு மட்டும் இதைக் கொண்டுபோக முடியாது. இங்கிள்பரோ, வேர்ன்சைடு, பென்-ஒய்-கென்ட் என்ற மூன்று மலைகளை ஏறி இறங்கும் சுமார் 61 கி.மீ. பந்தயம் அது, வளைந்த ஹேண்டில்பார் உள்ள சைக்கிள்கிராஸ் பைக்குக்குத்தான் அங்கே இடம்.

கேள்வி: அண்ணா, டயரில் எவ்வளவு காற்று? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் எடை 70 கிலோ, 33 மி.மீ. டியூப்லெஸ்.

இந்த விளையாட்டில் காசு செலவில்லாமல் வேகம் கிடைக்கும் ஒரே இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காய்ந்த, கெட்டியான புல்லுக்குப் பின்னால் 27, முன்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்குங்கள். மழை பெய்து புல் வழுக்கினால் 24, 22. கணுக்கால் அளவு சேறு என்றால் 21, 20. எடை 5 கிலோ கூடினால் 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். இவை தொடக்கப் புள்ளிகள்தான். முடிவைப் பாதைதான் சொல்லும். பந்தயத்துக்கு முன் பாதையைச் சுற்றிப் பார்க்கும்போது சற்று அதிகக் காற்றோடு கிளம்பி, சுற்றுக்கு 1 பிஎஸ்ஐ வீதம் இறக்குங்கள். இருப்பதிலேயே கரடான இடத்தில் ரிம் ஒரு சுற்றில் ஒருமுறை லேசாகத் தரையைத் தொட்டால் சரியான அளவுக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு மூன்று முறை ‘டக்’கென்று அடித்தால் 1 ஏற்றுங்கள். சாய்வான வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவது தெரிந்தாலும் ஏற்றுங்கள்.

பெரிய பம்பின் முள்ளை நம்பாதீர்கள். 160 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரில் 22க்கும் 25க்கும் வித்தியாசமே தெரியாது. சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, எப்போதும் அதிலேயே பாருங்கள். வீட்டுக்குள் 20 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அடித்த டயர், 5 டிகிரி குளிரில் மைதானத்தில் நிற்கும்போது 23க்கு வந்திருக்கும். ஆகவே கடைசி அளவை மைதானத்தில்தான் எடுக்க வேண்டும்.

டயருக்கு 40 முதல் 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்). இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துபோகும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சலசலப்பு இல்லையென்றால் ஊற்ற வேண்டிய நேரம். வளைவில் ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சுக் காற்று போகிறதென்றால், டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கணநேரம் விலகுகிறது என்று அர்த்தம். இந்த ரிம்முக்கு அந்த டயர் தளர்வு. ரிம் டேப் இன்னொரு சுற்று ஒட்டிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டயரை மாற்றுவதே வழி. டியூப் போட்டு ஓட்டுபவர்கள் இவ்வளவு கீழே போகக் கூடாது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். 70 கிலோவுக்கு 35 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: போன சீசனில் சேற்றில் பெடல் இறுகியது. அழுத்தி மிதித்தேன், டிரெய்லர் (derailleur, பின்னால் கியர் மாற்றும் பாகம்) பின் சக்கரத்துக்குள் போய் உடைந்துவிட்டது. பாகம் மட்டமா?

பாகத்தைக் குறை சொல்ல முடியாது. நீளமான புல்லும் களிமண்ணும் சேர்ந்து டிரெய்லரின் கீழ்ச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அது சுழலாமல் நின்றவுடன், செயின் முழு டிரெய்லரையும் பின்னோக்கி மேலே இழுக்கும். அந்த நேரத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் ஹேங்கர் (டிரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு துண்டு) வளைந்து, டிரெய்லரின் கூண்டு சக்கரக் கம்பிக்குள் போகும். பெடல் கனமாகிறது என்று காலுக்குத் தெரிந்த உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். அரைச்சுற்றுப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். விடவில்லையா, இறங்கி விரலால் புல்லைப் பிடுங்கிப் போடுங்கள். 15 வினாடிதான் போகும், பந்தயம் மிஞ்சும்.

ஹேங்கர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி வடிவம். மாற்று ஹேங்கர் ஒன்றை சீசனுக்கு முன்பே வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். சனிக்கிழமை மாலை கடை கடையாகத் தேடினாலும் கிடைக்காது. முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள டிரெய்லரும் இருந்தால் செயின் விழுவது வெகுவாகக் குறையும். முன்னால் 40 அல்லது 38 பல், பின்னால் 11-36 என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சேற்றிலும் போதுமான கியர்.

கேள்வி: பலகைத் தடுப்பில் இறங்கி ஏறுவதில் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நான்கு பேர் என்னைத் தாண்டுகிறார்கள் அக்கா. எப்படிப் பழகுவது?

பலகை அதிகபட்சம் 40 செ.மீ. உயரம்தான். அதைத் தாண்டுவதில் நேரம் போவதில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் வேகம் செத்துப்போவதால்தான் போகிறது.

தடுப்புக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே, ஏறிய பிறகு மிதிக்க வேண்டிய கியருக்கு மாற்றிவிடுங்கள். வலது காலைப் பெடலிலிருந்து கழற்றி, சீட்டுக்குப் பின்னால் சுழற்றி, இடது காலுக்குப் பின்பக்கமாகக் கொண்டுவாருங்கள். இப்போது முழு எடையும் இடது பெடலில். வலது கை ஃப்ரேமின் மேல் குழாயைப் பிடிக்கட்டும், இடது கை பிரேக் ஹூடில் (பிரேக் லீவரின் ரப்பர் பிடி) இருக்கட்டும். ஷூவுக்கு அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் இடது கிளீட்டைக் கழற்றிய நொடியில் வலது கால் தரையில் ஓட்டமாக விழ வேண்டும், நடையாக அல்ல. பலகையிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில் தரையைத் தொட்டால் போதும். பைக்கைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டிக்கொள்ளாமல் கையளவு தள்ளிப் பிடியுங்கள், பெடல் முழங்காலில் அடிக்காது.

ஏறும்போது பலரும் தாவுவதற்குமுன் ஒரு குட்டி எட்டு வைத்துத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் உங்களைத் தாண்ட விடுகிறது. இரண்டு கையும் ஹூடில், இடது காலால் உந்தி, வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் விழுமாறு வழுக்கி ஏறுங்கள். மேலே குதித்து உட்காரக் கூடாது. வாரம் ஒருமுறை மெத்தென்ற புல்லில் 20 நிமிடம், முதலில் நடை வேகத்தில், தடுப்பே இல்லாமல். நான்கே வாரத்தில் வித்தியாசம் தெரியும். கிளீட்டில் சேறு அடைத்துக் காலை மாட்ட முடியவில்லையென்றால் பெடலின் விளிம்பில் ஷூவை ஒரு தட்டுத் தட்டி மாட்டுங்கள்.

கேள்வி: இரண்டாவது பைக் வாங்க வசதியில்லை. பிட்டில் (பாதையோரம் பைக், சக்கரம் மாற்றும் இடம்) என்ன வைப்பது?

ஒரு ஜோடி சக்கரம் போதும். ஆனால் ‘போதும்’ என்று நினைத்து வைத்துவிட்டு, மாட்டும்போது டிஸ்க் உரசி நிற்பவர்கள்தான் அதிகம். ஆக்சில் அளவு, கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுதி) உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை, டிஸ்க்கின் விட்டம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்; 140 மி.மீ. டிஸ்க் உள்ள பைக்கில் 160 போட்ட சக்கரம் நுழையாது. இவை சரியாக இருந்தும் உரசினால், ஹப்புக்கு ஹப் (சக்கரத்தின் நடுப் பாகம்) டிஸ்க் நிற்கும் இடம் மயிரிழை மாறுகிறது என்று பொருள். டிஸ்க்குக்கு அடியில் போட 0.2 மி.மீ. தகடு கிடைக்கும். வீட்டிலேயே இரண்டு சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, உரசல் நிற்கும்வரை சரிசெய்துகொள்ளுங்கள்.

விதி ஒன்றை மறக்க வேண்டாம். சக்கரமோ பைக்கோ பிட்டுக்குள்தான் மாற்றலாம். பிட்டைத் தாண்டிய பிறகு பஞ்சர் என்றால் பின்னால் திரும்பி வரக் கூடாது, அடுத்த பிட் வரை முன்னோக்கித்தான் ஓட வேண்டும்.

கேள்வி: புதிதாகப் போட்ட பிரேக் பேடு ஒரே மழைப் பந்தயத்தில் தேய்ந்துவிட்டது. இது இயல்பா?

ரெசின் பேடு என்றால் இயல்புதான். மணல் கலந்த சேறு அதைத் தின்றுவிடும். அக்டோபர் முதல் சின்டர்டு மெட்டல் (உலோகத்தூளை இறுக்கிச் செய்த) பேடுக்கு மாறுங்கள். சத்தம் கூடும், ஆனால் தாங்கும். உங்கள் டிஸ்க்கில் ‘ரெசின் மட்டும்’ என்று பொறித்திருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதுப் பேடு போட்டதும் வேகமெடுத்து, நடை வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிடித்து விடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இதை 15, 20 முறை செய்தால்தான் பிடிமானம் வரும். உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆனால் தூக்கிப் போடுங்கள்.

கழுவும்போது பவர் வாஷரின் வாயை ஹப், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்கும் இடம்), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் மூட்டு) பக்கம் நேராகக் காட்டாதீர்கள். சீலைத் தாண்டி நீர் உள்ளே போய் பேரிங் துருப்பிடிக்கும். சேறு காயும்முன் வாளித் தண்ணீரும் பிரஷ்ஷுமே போதும். செயினைத் துடைத்துக் காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது.

கேள்வி: காலை இட்லி சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

இட்லி அருமையான பந்தய உணவு. மூன்று மணி நேரம் முன்பு ஐந்தாறு இட்லி, சர்க்கரையோ தேனோ தொட்டுக்கொண்டு. சாம்பாரின் பருப்பும், சட்னியின் தேங்காயும் எண்ணெயும் பந்தயம் முடிந்த பிறகு. ஒரு மணி நேரப் பந்தயத்தில் நடுவே எதுவும் தேவைப்படாது.

கேள்வி: வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரிப்பது?

செவ்வாய்: 20 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 40 வினாடி முழு வேகம், 20 வினாடி மெதுவாக, இப்படி எட்டு முறை. ஐந்து நிமிடம் ஓய்வு. மொத்தம் மூன்று தொகுப்பு. வளைவுக்கு வளைவு நின்று நின்று பாய்வதுதான் சைக்கிள்கிராஸ், அதற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. புதன்: மேலே சொன்ன இறங்கி ஏறும் பழக்கம், கூடவே புல்லில் 10 நிமிட ஓட்டம். வியாழன்: தாங்கக்கூடிய உச்ச வேகத்தில் 8 நிமிடம், மூன்று முறை. சனி: 45 நிமிடம் லேசாக, நடுவில் அரை நிமிடப் பாய்ச்சல் மூன்று. ஞாயிறு பந்தயம்.

தொடர்ந்து பந்தயம் இருக்கும் வாரங்களில் வியாழனை விட்டுவிடுங்கள். எல்லா ஞாயிறும் ஓட்ட வேண்டும் என்ற ஆசையால்தான் நவம்பர் நடுவில் கால் கனத்துப் போகிறது. நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டில் இருங்கள். ஓட்டத்தை ஆகஸ்ட்டிலேயே தொடங்குங்கள். வெறும் சைக்கிள் கால்களோடு அக்டோபரில் திடீரென மேட்டில் ஓடினால் கெண்டைச்சதை கிழியும்.

கேள்வி: எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கிறேன். முன்னேற வழி உண்டா?

முதல் வளைவில் எல்லோரும் உள்பக்கம் நெருக்குவார்கள், அங்கே கூட்டம் நின்றுபோகும். நீளம் கூடினாலும் வெளிப்பக்கம் போங்கள், அங்கே ஓட்டம் இருக்கும். முதல் சுற்றில் மேட்டிலோ சேற்றிலோ அடைப்பு கண்ணில் பட்டால், நின்று காத்திராமல் முன்கூட்டியே இறங்கி ஓடிவிடுங்கள். சூடேற்றுதல் தொடக்கத்துக்கு 10 நிமிடம் முன்பு வரை நடக்கட்டும், பெயர் கூப்பிடும்வரை ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: சாய்வான புல்சரிவில் ஒவ்வொரு முறையும் கீழே வழுக்குகிறேன். மணலிலும் அதே கதை.

சரிவில் வேண்டிய கோட்டைவிட ஒரு மீட்டர் மேலே நுழையுங்கள். எப்படியும் கொஞ்சம் கீழே இறங்கும். மேட்டுப் பக்கப் பெடல் மேலே, பள்ளத்துப் பக்கப் பெடல் கீழே, எடை அந்தக் கீழ்ப் பெடலில். முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். வேகத்தை நுழையும்முன் குறைத்துவிட வேண்டும்.

மணலுக்குள் நுழையும் முன்பே வேகம் எடுங்கள். எடை பின்னால், கை தளர்வாக, முன்னே போனவர்கள் போட்ட தடத்திலேயே சக்கரம் ஓடட்டும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன் சக்கரம் புதையும். வேகம் நடை அளவுக்கு வந்துவிட்டால் போராடாமல் இறங்கிவிடுங்கள். முழுதாக நின்ற பிறகு இறங்குவதைவிட அது வேகம்.

கேள்வி: நடுவில் ஒரு மவுண்டன் பைக் பந்தயம் இருக்கிறது, முழு சஸ்பென்ஷன் பைக். என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் சாக் (sag), அதாவது நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. பந்தய உடுப்பு, ஷூ போட்டு ஏறி உட்காருங்கள். 120 மி.மீ. ஃபோர்க் 18 முதல் 24 மி.மீ. வரை அமுங்கட்டும். பின் ஷாக் மொத்தம் அமுங்கக்கூடிய நீளம் 45 மி.மீ. என்றால் 9 முதல் 11 மி.மீ. கோடையில் வைத்த காற்று குளிரில் குறைந்திருக்கும், அதனால் கட்டாயம் திரும்ப அளந்து பாருங்கள். 2.25 டயருக்கு 70 கிலோ ஆள் முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். பாறை அதிகமென்றால் 2 கூட்டுங்கள். சீலன்ட் 100 மி.லி. வேண்டும்.

ஓட்டும் விதமும் வேறு. சைக்கிள்கிராஸ் பழக்கத்தில் முதல் ஏற்றத்தில் பாய்ந்தால் மூன்றாவது ஏற்றத்தில் நிற்பீர்கள். ஒன்றரை மணி நேரப் பந்தயம் என்றால் பாட்டில் கூண்டைத் திரும்ப மாட்டி, மணிக்கு 500 மி.லி. தண்ணீரும் 60 கிராம் சர்க்கரையும் உள்ளே போகுமாறு பாருங்கள். மறுநாளே சைக்கிள்கிராஸும் ஓட்டினால், அடுத்த செவ்வாய்ப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: முன்னணியில் வருபவர் ஒரு சுற்று கூடுதலாக ஓடி என்னைப் பிடித்துவிட்டால் வெளியே போகச் சொல்வார்களா?

உள்ளூர் லீக்கில் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். அவர் முடிக்கும் அதே சுற்றில் நீங்களும் முடிப்பீர்கள், ஒரு சுற்று குறைவாகக் கணக்கு வரும். பின்னாலிருந்து குரல் கேட்டால் உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள். ஒதுங்குவதாக நினைத்துத் திடீரென்று வளைந்தால்தான் மோதல் வரும். தாண்டும் வழியை அவர் பார்த்துக்கொள்வார்.