அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜாமீனையே ஒழித்துவிட்டார்களாமே, கைதானவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட மாட்டார்களா?

ஒழித்தது ஜாமீனை இல்லை, அதற்குக் கட்டும் பணத்தை.

சிகாகோ பக்கம்தான் இருக்கிறேன். பழைய முறையைக் கிட்டத்தில் பார்த்தவன். கூட வேலை பார்த்த ஒருவர் அடிதடி வழக்கில் உள்ளே போனார். ஜாமீன் 50,000 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் விட்டுவிடுவார்கள். (மற்ற பல மாநிலங்களில் கமிஷன் வாங்கிக்கொண்டு ஜாமீன் போடும் ஏஜெண்டுகள் உண்டு. இங்கே 1963-லேயே அவர்களுக்குக் கடை மூடியாயிற்று.) நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து 5,000 டாலர் திரட்டினோம், ஆள் வந்துவிட்டார். திரட்ட ஆளில்லாதவர், தீர்ப்பு வரும் முன்பே தண்டனையை அனுபவித்தார்.

புதிய சட்டத்தில் ஆளுநர் பிரிட்ஸ்கர் 2021 பிப்ரவரியில் கையெழுத்திட்டார். வழக்கால் தள்ளிப்போய், மாநில உச்ச நீதிமன்றம் 5-2 என்ற கணக்கில் செல்லும் என்று சொன்ன பிறகு, 2023 செப்டம்பர் 18-இல் அமலுக்கு வந்தது. ஜாமீன் பணத்தை முழுக்க நீக்கிய முதல் மாநிலம் இதுதான். 2022 தேர்தல் சமயத்தில் பரவிய வதந்தி கொஞ்சநஞ்சமில்லை. கொலைகாரனைக்கூட அடைத்துவைக்க முடியாது என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி எங்கள் குழுவில் ஒரு அண்ணன் வாசலுக்கும் கொல்லைக்கும் கேமரா மாட்டினார்.

உண்மையில், கொலை மாதிரி கடுமையான வழக்குகளிலும் குடும்ப வன்முறை வழக்குகளிலும், ஆளை வெளியே விடக்கூடாது என்று அரசு வழக்கறிஞர் மனுப் போடலாம். கைதானவரால் ஆபத்து உண்டு, எந்த நிபந்தனையும் அதைத் தடுக்காது என்று வலுவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், கோடீஸ்வரனானாலும் உள்ளேதான். மனைவியை அடித்தவன் முன்பு பணத்தைக் கட்டிவிட்டு அன்றே வெளியே வர முடிந்தது. இதைப் பற்றி அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி இல்லை.

மற்றவர்களை நிபந்தனையோடு விடுகிறார்கள்: வாய்தாவுக்கு வர வேண்டும், புகார் கொடுத்தவரை நெருங்கக்கூடாது, இப்படி. சிலருக்குக் காலில், எங்கே இருக்கிறார் என்று காட்டும் மின்னணுப் பட்டை. எனக்கு உறுத்துவது இதுதான். வீட்டுக்குள்ளேயே சிறை மாதிரி. 60 நாளுக்கு ஒருமுறை அது இன்னும் தேவையா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்பது வரை சரி.

அப்புறம் ஒன்று. முன்பெல்லாம் கட்ட முடியாத ஒரு தொகையைச் சொன்னாலே ஆள் உள்ளே கிடப்பார். இப்போது அடைப்பதானால் நீதிபதி காரணத்தை எழுதித் தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.