கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டையில் (எம்எம்ஏ), ஒரே எடைப்பிரிவில் உடல் அளவு முக்கியமா?

கண்டிப்பாக முக்கியம். எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். யுஎஃப்சி என்ற எம்எம்ஏ அமைப்பில் லைட்வெயிட் பிரிவின் வரம்பு 155 பவுண்டு, சுமார் 70 கிலோ. உடம்பு நீரை வற்றவைத்து அந்த எண்ணைத் தொட்டவர், மறுநாள் பல கிலோ கூடித்தான் கூண்டுக்குள் வருவார். வேலியோரம் நெஞ்சை நம் மேல் சாய்த்து அழுத்தும்போது அந்த எடை தெரியும்: தோள் கனக்கும், மூச்சு வாங்கும்.

கை நீளம் வேறு கணக்கு. 2018-ல் நடந்த யுஎஃப்சி சண்டையில், மல்யுத்தப் பாணி வீரர் கபீப் நுர்மகமதோவைவிட எதிராளி கோனர் மெக்ரிகருக்கு நான்கு அங்குலம் கூடுதல் வீச்சு. தள்ளி நின்றால் அது பெரிய ஆயுதம். கபீப் தள்ளி நிற்கவே விடவில்லை. காலைப் பிடித்துக் கிடத்தினார், நான்காவது சுற்றில் கழுத்துப்பிடியில் முடித்தார். பருமன் அதிகம் உதவுவது மல்யுத்தக்காரருக்கே என்பேன்.

ஆனால் நீரை வற்றவைப்பது உயிரோடு விளையாட்டு. 2015-ல் ஒரு வீரர் இறந்த பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு சண்டை அமைப்பு அதைத் தடைசெய்து, உடலில் நீர் போதுமா என்று பார்க்கும் சிறுநீர்ச் சோதனை கொண்டுவந்தது.