இருபத்து மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மை இல்லை

கேள்வி: பெருந்துறைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ கணிதத்தில் 91. நாங்கள் எதிர்பார்த்தது 98. 275 ரூபாய் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், 45-வது கணக்கின் பாதியைத் திருத்தவே இல்லை; அதில் 3 போச்சு. இன்னும் நாலு கணக்கில் கணக்குக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். திருத்தியவருக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிகள் மேல் காழ்ப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். சரியாகச் சொல்லித்தரவில்லை என்று பள்ளிக்கும் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறேன். கோவை ஜிசிடி இன்ஜினியரிங் கல்லூரியில் சேர வேண்டிய பிள்ளை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதா, ஹைகோர்ட்டுக்கா? எங்க அம்மிணிக்கு நாயம் வேணுமுங்க.

பதில்: நீங்கள் அனுப்பிய நகலை முழுக்கப் பார்த்தேன். உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் வழக்கு என்று சொல்லக்கூடியது ஒரே வரி. 45-வது கணக்கில் தளத்தின் வெக்டர் சமன்பாட்டை 17-ம் பக்கத்தில் எழுதிவிட்டு, ‘தொடர்ச்சி 23-ம் பக்கம்’ என்று போட்டு, கார்டீசியன் சமன்பாட்டை அங்கே முடித்திருக்கிறார் உங்கள் மகள். 17-ல் 2 மதிப்பெண் இருக்கிறது. 23-ம் பக்கத்தில் டிக் இல்லை, அடிப்பு இல்லை, சைபர்கூட இல்லை. திருத்துபவர் கண் அங்கே போகவே இல்லை. கணக்கு வராததால் சட்டம் படித்தவன் நான். எனக்கே இது தெரிகிறது.

அந்த ‘எனக்கே தெரிகிறது’ என்பதுதான் சட்டம். விடைத்தாள் விஷயத்தில் நீதிமன்றம் எப்போது தலையிடலாம் என்று ரண் விஜய் சிங் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொல்லியிருக்கிறது. பிழை வெளிப்படையாக இருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால், அப்படி யோசித்தால் என்று இழைத்து விளக்க வேண்டியிருந்தால் கதவு மூடிவிடும். சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கு, மாணவருக்கு அல்ல. அனுதாபத்துக்கு அங்கே வேலையே இல்லை. மற்ற நாலு மதிப்பெண்ணும் இந்த இழைக்கிற ரகம். படிக்கு ஒன்றா, இரண்டா என்பது திருத்துபவரின் கருத்து. அதை விட்டுவிடுங்கள்.

காழ்ப்புக் கதையையும் விட்டுவிடுங்கள். பெயரும் பதிவெண்ணும் உள்ள முகப்புத் தாளைப் பிரித்த பிறகுதான் தாள் திருத்துபவர் கைக்குப் போகிறது. பெருந்துறைப் பிள்ளையா, பெரம்பலூர்ப் பிள்ளையா என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்காது. விடைத்தாளைப் பார்க்கும் உரிமையைத் தந்த 2011 தீர்ப்பே திருத்தியவர் அடையாளத்தை மறைக்கச் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டும் ஆகாது; தேர்வு வாரியம் சேவை விற்பவர் அல்ல, மாணவர் நுகர்வோர் அல்ல என்று பீகார் வாரிய வழக்கில் 2009-லேயே முடிந்துவிட்டது.

இப்போது 505 ரூபாய் கட்டி மறுமதிப்பீட்டுக்குப் போடுவீர்கள். போடும் முன், யாரும் பார்க்காத ஒன்றைப் பாருங்கள். குறைத்துப் போட்ட இடங்களைத்தான் எல்லோரும் வட்டம் போடுகிறார்கள். கூட்டிப் போட்ட இடம் எது? 33-வது கணக்கு, வகைக்கெழுச் சமன்பாடு. தீர்வில் மாறிலி சி-யை மகள் விட்டிருக்கிறார்; முழு 3 கிடைத்திருக்கிறது. மறுமதிப்பீடு என்றால் 23-ம் பக்கத்தை மட்டும் திறந்து பார்ப்பதல்ல, தாள் முழுவதும் இன்னொருவர் கைக்குப் போகிறது. 3 வரவேண்டிய இடத்தில் நிகரமாக 2 வரலாம். பள்ளியில் வேறொரு கணக்கு ஆசிரியரை உட்காரவைத்து, ‘எங்கே குறைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். என் கணக்கில் உங்களுக்கு லாபம்தான், போடுங்கள். ஆனால் தெரிந்து போடுங்கள்.

அடுத்தது, நான் கண்ணால் பார்த்தது. கோபிப் பக்கத்தில் வழக்குப் போட்ட ஒருவர். மகனுக்கு ஆறு மதிப்பெண் குறைவு என்று, ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்களிடம் ‘இந்தத் தாளுக்கு 97 தகும்’ என்று கடிதம் வாங்கி மனுவோடு கோத்தார். நீதிமன்றம் மூன்றாவது திருத்துநர் அல்ல. அந்தக் கடிதங்களை யாரும் புரட்டக்கூட இல்லை. அதைவிடப் பெரிய தப்பு, கேஸ் இருக்கிறதே, சீட் காத்திருக்கும் என்று நம்பி இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலே பதியாமல் விட்டது. மனு விசாரணைக்கு வந்தபோது சுற்றுகள் முடிந்திருந்தன. ‘இனிப் பயனில்லை’ என்று மனு முடிந்தது. பையன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தான். அந்தப் பணத்துக்கு நீங்கள் இரண்டு தறி போடலாம்.

ஆகவே 91-ஐ வைத்தே கவுன்சலிங் போங்கள். 200 கட்-ஆஃபில் கணிதம் முழு 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. அதனால் இந்த 3 அப்படியே 3 தான், வலி புரிகிறது. இருந்தாலும் கிடைக்கிற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமதிப்பீட்டிலும் 23-ம் பக்கம் தொடப்படாமல் வந்தால் மட்டும் ஹைகோர்ட். அதற்கு முன்னால் போனால், ‘வழி இருக்கும்போது இங்கே ஏன்?’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஈரோடு மாவட்டம் என்பதால் சென்னை (கரூர்க்காரராக இருந்தால் மதுரை). மனுவில் கேட்பது ஒரே வரியாக இருக்கட்டும்: 23-ம் பக்க விடையை மதிப்பிட உத்தரவிடுங்கள். ‘98 கொடுங்கள்’ என்று கேட்டால் அந்த 3-உம் சேர்ந்து அடிபடும்.

பள்ளிக்கு விட்ட நோட்டீஸைத் திரும்பப் பெறுங்கள். யார் எழுதிக் கொடுத்தாரோ, அவர் ஃபீஸ் வாங்கியிருப்பார். உங்களுக்கு அதில் ஒன்றும் வராது. 91 வாங்கிய பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பீர்கள்? நேரில் போய்த் தலைமையாசிரியரோடு ஒரு டீ குடித்து முடித்துக்கொள்ளுங்கள். டிசி அவர் கையில்தான் இருக்கிறது. 33-வது கணக்கைப் பார்த்துச் சொல்லப்போகிறவரும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறார்.